மாப்பிள்ளையை மறித்த கார்

முன்பின் தெரியாத ஒரு மனிதரை, அவருடைய கல்யாண நாளன்று, ஒரு சலூனுக்குள் கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் மறித்து வைத்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அவருக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. அவர் தெற்கு இத்தாலியில் ஒரு மலையூர்க்காரர். நான் மொன்றியலில் பஸ் ஓட்டுகிற யாழ்ப்பாணத்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது ஒரு சின்ன வெள்ளைக் கார். அதற்குள் என் மனைவி. பின்சீற்றில் ஒரு போத்தல் சீனிச்சம்பல்.

இதை நானே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மொன்றியலில் எங்கள் சனம் இருக்கிற பியர்பொன்ட்ஸில் இப்போது சொல்லப்படுகிற கதையில் நான் தேவாலயத்துக்குள்ளேயே காரை ஏற்றிவிட்டேன். அது பச்சைப்பொய். தேவாலயத்துக்கும் காருக்கும் நடுவில் எண்பது மீற்றர் இருந்தது.

எங்கள் மகன் ஒட்டாவாவுக்கும் மகள் ரொறொன்ரோவுக்கும் படிக்கப் போன வருடம், நானும் றெஜினாவும் தனியே எங்காவது போய்வரலாம் என்று முடிவெடுத்தோம். றெஜினா மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம். வேலை கார்டெறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில், அதாவது காலை ஏழு மணியிலிருந்து ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது. அவளுக்கு ரோமாபுரியைப் பார்க்கவேண்டும், பழைய கோயில்களைப் பார்க்கவேண்டும், பிறகு நல்ல கடல் ஒன்றில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கவேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

என் சிநேகிதன் சிவம் அதே ஊர்களுக்குச் சுற்றுலா பஸ்ஸில் போய்வந்தவன். காலையில் பெட்டியை அறை வாசலில் வைத்தால் சரி, மிச்சமெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள் என்று யோசனை சொன்னான். நான் அவனை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

“கிழமைக்கு நாப்பது மணித்தியாலம் பஸ்ஸுக்கைதான் இருக்கிறன். லீவிலையும் பஸ்ஸோ? நாங்கள் சுதந்திரமாப் போறம்” என்றேன்.

(சுதந்திரம். அந்தச் சொல்லை இப்போதும் சிவம் எனக்கு முன்னால் ஒருவிதமாக இழுத்துச் சொல்லுவான்.)

பஸ் ஓட்டுகிறவனிடம் பயணத் திட்டத்தைக் கொடுத்தால் என்ன வருமோ அது வந்தது. பதினான்கு நாளுக்கும் நேர அட்டவணை. கடதாசியில் அடித்து, பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, கழுத்தில் தொங்கவிடாத குறையாகக் கொண்டுபோனேன். “புறப்பாடு 8.42. கோட்டை 9.30. கோட்டை முடிவு 10.15.” கோட்டை எண்ணூறு வருடமாக நிற்கிறது, அதற்கு நான் நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்திருந்தேன். கடலுக்கு ஐம்பத்தைந்து.

றெஜினா அதை வாசித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் வாசித்தாள்.

“கடலுக்கு நேரம் குடுக்கிற ஆளை இப்பதான் காணுறன்” என்றாள்.

ரோமில் மூன்று நாள் ஒருமாதிரிப் போனது. நாப்போலியில் ரயில் ஐம்பது நிமிடம் பிந்தியது. மேடையில் நின்ற இருநூறு பேரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும், யாரோ என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கப்போகிறார்கள் என்பதுபோல வேர்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு தெற்கே போவதற்குக் கார் எடுத்தோம். கடையில் ஓட்டோமற்றிக் கார் இல்லை, கியர் வைத்த கார்தான் என்றார்கள். பிரச்சினையில்லை என்றேன். மொன்றியல் பஸ்ஸில் கியரே இல்லை என்பதையும், நான் கடைசியாகக் கியர் போட்டது முப்பது வருடத்துக்கு முந்தி கொடிகாமத்தில் சித்தப்பாவின் வானில் என்பதையும் சொல்லவேண்டிய அவசியம் அப்போது தெரியவில்லை. முதல் சந்தியில் நாலு தரம் கார் நின்றது. பின்னால் நின்றவர்கள் கோன் அடித்தார்கள். கோன் அடித்தவர்களைப் பற்றி நான் றெஜினாவுக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே ஒலிவ் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் கடல். நீலம் என்றால் அப்படியொரு நீலம். றெஜினா சுடிதாரோடு இறங்கிவிட்டாள். நான் சப்பாத்தும் காலுறையுமாக மணலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஐந்துக்குக் கையைக் காட்டினேன், நேரம் முடிந்தது என்று. அவளும் தண்ணீருக்குள் நின்று சந்தோஷமாகக் கையைக் காட்டினாள். மூன்று பத்துக்கு இரண்டு கையையும் காட்டினேன். அவளும் இரண்டு கையையும் காட்டினாள். நாலு இருபதுக்குத்தான் கரைக்கு வந்தாள்.

எழுபத்தைந்து நிமிடம் போய்விட்டது. பஸ்காரனுக்குப் பிந்திய நேரத்தைப் பிடிக்காமல் நித்திரை வராது. மறுநாள் சனிக்கிழமை எப்படியாவது அந்த எழுபத்தைந்தையும் மீட்டுவிடுவது என்று சபதம் செய்துகொண்டுதான் அந்த மலையூருக்குப் போனேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தச் சனம் ஏற்கெனவே என்னால் பட்டது போதும்.

சுற்றிவர மதில் கட்டிய பழைய ஊர். வெள்ளை வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். மதிலுக்குக் கீழே பெரிய வெளியில் ஐம்பது அறுபது கார்கள் நின்றன. ஆட்கள் இறங்கி, தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக வாசல்வழியே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நடந்து போக இருபது நிமிடம் என்று கணக்குப் பார்த்தேன். காரில் போனால் நாலு நிமிடம்.

வாசலுக்கு அருகே ஒரு பலகை. “சோனா டிராஃபிக்கோ லிமிட்டாட்டோ” என்று எழுதியிருந்தது. எனக்கு இத்தாலியன் தெரியாது. ஆனால் கியூபெக்கில் இருபது வருடம் பிரெஞ்சு கேட்ட காதுக்கு இத்தாலியன் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி என்று ஒரு ஞானம் வைத்திருந்தேன். சோனா என்றால் பகுதி. டிராஃபிக்கோ என்றால் போக்குவரத்து. லிமிட்டாட்டோ என்றால் மட்டு.

“இஞ்சை பார், உள்ளுக்கை வாகன நெரிசல் மட்டாம். வெளியிலையே எழுதிப் போட்டிருக்கிறாங்கள். எவ்வளவு நல்ல சனம்” என்றேன்.

(அதன் பொருள் “ஊராருடைய வாகனத்தைத் தவிர வேறொன்றும் உள்ளே போகக்கூடாது” என்பது. பலகையின் நடுவில் இருந்த பெரிய சிவப்பு வட்டத்தை அலங்காரம் என்று நினைத்தேன்.)

“அப்ப இந்தச் சனமெல்லாம் ஏன் கீழ நிப்பாட்டிப்போட்டு நடந்து போகுது?” என்று றெஜினா கேட்டாள்.

“உவையளுக்கு ஓடத் தெரியாது” என்றேன்.

உள்ளே முதல் தெரு மாட்டுவண்டி போகிற அகலம். இரண்டாவது கழுதை போகிற அகலம். மூன்றாவது ஒழுங்கை, கழுதை விரதம் இருந்தால் போகலாம். போனுக்குள் இருந்த பெண் நேரே போ, நேரே போ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன, உடம்பா இருக்கிறது? பக்கக் கண்ணாடிகளை மடக்கினேன். மேலே கொடியில் காய்ந்த ஒரு துவாய் காரின் கூரையைத் தடவிக்கொண்டு போனது. வாசற்படியில் படுத்திருந்த பூனை ஒன்று எழும்பி, எங்களைப் பார்த்து, இது சரிவராது என்பதுபோலத் திரும்பவும் படுத்தது.

றெஜினா பின்னுக்கு எடுக்கச் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். அவள் சொன்னதுதான் புத்தி. ஆனால் ஒரு தொழில் இரகசியத்தைச் சொல்லவேண்டும். நகர பஸ் ஓட்டுகிறவன் பின்னுக்கு எடுப்பதில்லை. கூடாது என்பது விதி. பதினேழு வருடத்தில் நான் பின்னுக்கு எடுத்த தூரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு பஸ்ஸின் நீளம் வராது. ஆகவே முன்னுக்குப் போனேன். ஒழுங்கை கீழே சரிந்து, ஒரு வீட்டின் கற்படிக்கட்டைச் சுற்றி வளைந்தது. நானும் வளைத்தேன். இடப்பக்கம் “கறக்” என்றது. பிறகு வலப்பக்கம் “கறக்” என்றது. பிறகு ஒன்றும் அசையவில்லை.

என் பக்கக் கதவோடு கற்படிக்கட்டு ஒட்டி நின்றது. விரல் நுழையாது. றெஜினாவின் பக்கம் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்தச் சாணுக்கு அப்பால் ஒரு கண்ணாடிக் கதவு. அவள் ஜன்னலை இறக்கினாள். அதே நேரம் அந்தக் கண்ணாடிக் கதவும் உட்பக்கமாகத் திறந்தது. கழுத்திலிருந்து வெள்ளைத் துணி போர்த்தி, ஒரு கன்னம் சவரம் செய்து, மறு கன்னம் முழுக்க நுரையோடு ஒரு வாலிபன் நின்றான். என் மனைவியின் முகத்துக்கும் அவன் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. 

“பொன்ஜூர்” என்றாள் றெஜினா.

அவனுக்குப் பின்னால் சவரக்கத்தியோடு ஒருவர் வந்தார். சலூன்காரர். அறுபது வயதிருக்கும். எங்கள் காரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தலையில் கையை வைத்தார். வைத்தது சவரக்கத்தி பிடித்த கை என்பதால் றெஜினா பயந்துபோனாள்.

ஜெனிவாவில் எட்டு வருடம் முடி வெட்டியவராம், ஆகவே பிரெஞ்சு வந்தது. என் கியூபெக் பிரெஞ்சைக் கேட்டு அவர் முகம் சுளித்தது; காரைப் பார்த்தபோதுகூட அப்படிச் சுளிக்கவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: இந்தச் சலூன் பாறையைக் குடைந்து கட்டியது. வாசல் இது ஒன்றுதான். பின்கதவு கிடையாது. இந்தப் பொடியனுக்குப் பதினொரு மணிக்குக் கல்யாணம். இப்போது பத்து நாற்பது.

றெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். “ஒரு கல்யாணப் பூசைய மறிச்சிட்டீங்களே” என்றாள். மறித்தது நாங்கள் இருவரும் அல்ல, நான் ஒருவன்தான் என்பது அந்த வினைமுற்றிலேயே இருந்தது.

அதோடு விட்டாரா சலூன்காரர்? குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். இந்தக் கல்யாணம் போன வருடமே நடந்திருக்கவேண்டியது. அப்போது இந்தப் பொடியன் பயந்து, ஒரு கிழமைக்கு முந்தி வேறு ஊருக்குப் போய்விட்டான். பொம்பிளை வீடு அவனை மன்னித்து இப்போதுதான் மறுபடியும் ஏற்றிருக்கிறது. இன்றைக்கும் நேரத்துக்குப் போகாவிட்டால் என்ன நினைப்பார்கள்? சரி, போன் பண்ணிச் சொல்லட்டும் என்றேன். போனைத் தாயின் கைப்பையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். தாய் தேவாலயத்தில். சலூன்காரரிடம் பொம்பிளை வீட்டு நம்பர் இல்லை.

நுரை பூசிய கன்னம் வெள்ளை. பூசாத கன்னம் அதைவிட வெள்ளையாக இருந்தது.

இந்த இடத்தில் நான் அமைதியாக இருந்திருந்தால் பாதிப் பிழை குறைந்திருக்கும். நானோ வீரம் காட்டினேன். முன்னுக்கு ஒரு தரம், பின்னுக்கு ஒரு தரம், கிளச்சை மிதித்து, அக்சிலேற்றரை மிதித்து, காரை இன்னும் இரண்டு அங்குலம் இறுக்கினேன். கருகிய மணம் வந்தது. சலூன்காரர் துவாயால் விசிறினார். ஒழுங்கையின் மேல்பக்கத்தில் சனம் சேர்ந்துவிட்டது. பல்கனியில் ஒரு அம்மா, கையில் வெண்டிக்காயோ என்னவோ வெட்டின கத்தியோடு. (அந்த ஊரில் எல்லோரும் கத்தியோடுதான் வெளியே வந்தார்கள் போலத் தோன்றியது.)

எங்கிருந்து வருகிறீர்கள் என்று பல்கனி அம்மா கேட்டதாகச் சலூன்காரர் மொழிபெயர்த்தார். மொன்றியல் என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பாதிச் சனம் ஒரு காலத்தில் மொன்றியலுக்குத்தான் கப்பலேறியதாம். பல்கனி அம்மாவின் தம்பி மொன்றியலில். சலூன்காரரின் பெரியப்பா மகன் மொன்றியலில். கூட்டத்தில் நின்ற ஒரு தடித்த மனிதரின் மருமகன் மொன்றியலில், அதுவும் பஸ் ஓட்டுகிறானாம், பெயர் டோனி, தெரியுமா? ஒரு மனிதன் கல்யாணத்துக்குப் போகமுடியாமல் உள்ளே நிற்கிறான், நான் வெளியே வரமுடியாமல் காருக்குள் இருக்கிறேன், இவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து சொந்தக்காரர்களை விசாரிக்கிறார்கள்; தேவாலயத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் டிப்போவில் மட்டும் நாலு டோனி இருக்கிறார்கள். தெரியாது என்று சொன்னேன்.

கடைசியில் றெஜினாதான் வழி சொன்னாள். சலூன் கதவால் வந்து, தன் ஜன்னல் வழியாகக் காருக்குள் இறங்கி, பின்சீற்றைத் தாண்டி, டிக்கிக் கதவால் வெளியே போகலாம். டிக்கிப் பக்கம் வெளியாகத்தான் இருந்தது. கார்டெறியில் பிள்ளைகள் பிளாஸ்ரிக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கத்தால் வருவார்களே, அதுபோல.

முதலில் நான் போய்ப் பாதையைத் திறக்கவேண்டும் என்று சொன்னேன். தலைவன் முதலில் போவது முறை. டிக்கியைத் திறக்கும் பொத்தானை அமர்த்தினேன். வெளியே நின்றவர்கள் எங்கள் பெட்டிகளை இறக்கினார்கள். நான் முன் இரண்டு சீற்றுக்கும் நடுவால் உடம்பைத் திருகி, பின்சீற்றின் முதுகைச் சாய்த்து, நாலு காலில் ஊர்ந்து, டிக்கியின் வாசல்வரை வந்துவிட்டேன். அங்கே பெட்டி மாட்டுகிற ஒரு கொளுக்கி இருந்தது. அது என் களிசானின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நான் அதை அறியாமல் கம்பீரமாக இறங்கினேன்.

துணி கிழிகிற சத்தம் அந்தக் கல் ஒழுங்கையில் நன்றாக எதிரொலித்தது. பல்கனி அம்மா ஏதோ மாதாவைக் கூப்பிட்டார். மூன்று நாலு பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்ததை அப்போதுதான் கண்டேன். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். சலூன்காரர் உள்ளேயிருந்து, முடி வெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணி ஒன்றைக் காருக்குள்ளால் கொடுத்தனுப்பினார். அதை வேட்டிபோல இடுப்பில் கட்டினேன். கட்டிய பிறகும் முதுகைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

இனி மாப்பிள்ளை. மிச்சக் கன்னத்தையும் சலூன்காரர் அவசரமாக வழித்துவிட்டார். கோட்டை றெஜினா வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை சலூன் வாசலிலிருந்து தலையை நீட்டி, ஜன்னலுக்குள் நுழைந்து, என் மனைவியின் மடிக்கு மேலால் நீந்தி, பின்சீற்றுக்குப் போனான். போகிற வழியில் முழங்காலை ஊன்றினான். ஊன்றிய இடம் சீனிச்சம்பல் போத்தல். இத்தாலியச் சாப்பாடு இரண்டு நாளில் அலுத்துவிடும் என்று நான்தான் அடம்பிடித்துக் கொண்டுவந்தது. காலையில் பாணோடு சாப்பிட்டுவிட்டு மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டதும் நான்தான்.

சாம்பல் நிறக் கல்யாணக் களிசானின் முழங்காலில், உள்ளங்கை அகலத்துக்கு, எண்ணெயும் வெங்காயமும் மாசிக்கருவாட்டுத் தூளும்.

அவன் குனிந்து அதைப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கியதை றெஜினா கண்டிருக்கிறாள். கார்டெறிக்காரி கைப்பையில் எந்நேரமும் ஈரத்தாள் வைத்திருப்பாள். முன்சீற்றில் முழங்காலிட்டுப் பின்னுக்குத் திரும்பி, அவன் காலைப் பிடித்து, துடைத்து, முகப்பவுடரைக் கொட்டி எண்ணெயை உறிஞ்சவிட்டு, மறுபடி துடைத்தாள். துடைக்கும்போது தன்பாட்டில் தமிழில் பேசிக்கொண்டேயிருந்தாள். “ஒண்டுமில்ல மனே, ஒண்டுமில்ல, இந்தா போயிடும்.” ஒரு சொல்லும் விளங்காத அந்த இத்தாலியப் பொடியன் சொன்னதெல்லாம் விளங்கியதுபோலத் தலையை ஆட்டினான்.

பதினொரு மணி அடித்தது. தேவாலயம் அந்த ஒழுங்கையின் தலைப்பில்தான். மணி எங்கள் தலைக்குள்ளேயே அடிப்பதுபோல இருந்தது.

ஐந்து நிமிடம் போயிருக்கும், மேல்பக்கத்தில் கூட்டம் விலகியது. பொம்பிளை வந்துகொண்டிருந்தாள். முழு வெள்ளை உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, பின்னால் இரண்டு தமையன்மார். தேடிக்கொண்டு வருகிறாள், தேடிவந்தது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் தீர்மானித்துக்கொண்டு வருகிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது. நான் சுவருக்குள் புகுந்துவிடப் பார்த்தேன். இந்தக் கல்யாணம் நின்றால் நான் எந்த முகத்தோடு இந்த ஊரைவிட்டுப் போவேன் என்ற நினைப்பு அப்போதுதான் முழுதாக வந்தது. அதுவரை நான் களிசானைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் காருக்கு அருகே வந்த அந்தக் கணத்தில் மாப்பிள்ளை டிக்கியால் தலையை வெளியே நீட்டினான். தலைமயிரில் நுரை. கையிரண்டும் நிலத்தை நோக்கித் தொங்குகின்றன. கால் இன்னும் உள்ளே, என் மனைவியின் பிடியில்.

சலூன்காரர் உள்ளேயிருந்து கத்திக் கத்தி விளக்கம் சொன்னார். பொம்பிளை அவரைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். துணி கட்டிக்கொண்டு சுவரோடு நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலைகீழாகவே பதில் சொன்னான். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சும்மா சிரிப்பில்லை, உடுப்பைக் கைவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் மை கரையச் சிரித்தாள். தமையன்மார் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவனை வெளியே இழுத்தார்கள்.

அவள் என்ன கேட்டாள் என்று பிறகு சலூன்காரர் சொன்னார். “இந்தமுறை ஓடுகிறாயா, வருகிறாயா?” என்று கேட்டாளாம். “வருகிறேன், என்னை இழு” என்றானாம்.

அவர்கள் இருவரும் மேலே நடந்தார்கள். ஆனால் கார் அங்கேதான் நின்றது. சலூன்காரர் உள்ளே. அவரும் கல்யாணத்துக்குப் போகவேண்டியவர். தடித்த மனிதர், அதாவது டோனியின் மாமனார், கோட்டைக் கழற்றினார். எட்டுப் பேர் சேர்ந்து காரின் பின்பக்கத்தைப் பிடித்து “ஓப்பா” என்று தூக்கித் துள்ளவைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். கார் நேராகிவிட்டது. இனி யாராவது உள்ளேயிருந்து, மேட்டில், பின்னுக்கு, அந்தக் குறுகிய ஒழுங்கையால் எண்பது மீற்றர் எடுக்கவேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு டிக்கியை நோக்கி ஒரு அடி வைத்தேன்.

“நீங்க வெளியிலயே நில்லுங்க” என்றாள் றெஜினா.

திரும்பிப் பார்த்தால், அவள் ஏற்கெனவே சாரதி சீற்றில் இருந்தாள். சீற்றை முன்னுக்கு இழுத்துவிட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கலியாணத்துக்கு முந்தி மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை செய்தபோது, வாகரைப் பக்கமெல்லாம் மணலிலும் வெள்ளத்திலும் பிக்கப் ஓடியவள் அவள். கியர் வைத்த பிக்கப். அதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். நானும் பலமுறை “ம்” கொட்டியிருக்கிறேன். மொன்றியலில் பத்தொன்பது வருடம் அவளுடைய லைசன்ஸ் கைப்பைக்குள் கிடந்ததற்கு, பனியில் ஓட அனுபவம் வேண்டும் என்று நான் வருடாவருடம் கொடுத்துவந்த விரிவுரைதான் காரணம்.

ஒரு தரம்கூடக் கார் நிற்கவில்லை. கிளச்சை அரைவாசி விட்டுப் பிடித்து, தலையைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, நூல் பிடித்ததுபோல மேலே போனாள். பூனையைக்கூட எழுப்பவில்லை. வளைவு வந்த இடத்தில் கூட்டம் ஆளுக்கொரு பக்கம் கை காட்டியது. அவள் ஒருவரையும் பார்க்காமல் வளைத்தாள். நான் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்துபோனேன், சாமிக்கு முன்னால் போகிற தீவட்டிக்காரன் மாதிரி. மேலே தேவாலய முற்றத்தில் கார் வந்து நின்றபோது கல்யாணத்துக்கு வந்த சனம் முழுக்கக் கை தட்டியது. பொம்பிளையும் தட்டினாள்.

பூசைக்கு எங்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். றெஜினாவை முன் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் இருத்தினார்கள். நான் கடைசி வரிசை வாங்கில், முற்றத்தில் பெட்டியைத் திறந்து வேறு களிசான் எடுக்க வெட்கப்பட்டு, சலூன் துணியோடு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் பீடத்தின் முன் முழங்காலிட்டபோது, சாம்பிராணி மணத்துக்குள்ளால் மெல்லியதாக மாசி மணம் வந்தது. சுவாமியார் ஒருகணம் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். பிறகு தொடர்ந்தார்.

மிச்ச எட்டு நாளும் றெஜினாதான் ஓடினாள். அட்டவணை காரின் தட்டுக்குள் கிடந்தது. கடலில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது, கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் நானும் சப்பாத்தைக் கழற்றினேன்.

வீடு திரும்பியதும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், இதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று றெஜினாவிடம் சத்தியம் வாங்கியது. அவளும் சத்தியத்தைக் காப்பாற்றினாள். திங்கட்கிழமை டிப்போவுக்குப் போனேன். உடுப்பு மாற்றுகிற அறையில் நாலு டோனிகளில் ஒருவன், பதினொரு வருடமாக எனக்குக் காலை வணக்கம் மட்டும் சொல்கிறவன், போனை நீட்டினான். வீடியோ இரண்டு நிமிடம் பதினெட்டு செக்கன். கிழிகிற சத்தம் மிகத் தெளிவு. அவனுடைய மாமனார், நான் அந்த ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முன்னமே அனுப்பிவிட்டாராம். டோனியிடமிருந்து டிப்போவில் வேலை செய்கிற தமிழ்ப் பொடியனுக்கு. அவனிடமிருந்து கோட்-டெ-நெய்ஜில் அவன் அக்காவுக்கு. அக்காவிடமிருந்து உலகத்துக்கு. ஒட்டாவாவிலிருந்து என் மகன் எடுத்து, “அப்பா, அந்த வெள்ளைத் துணி உங்களுக்கு வடிவா இருக்கு” என்றான்.

ஐந்து வருடமாகிவிட்டது. எங்கள் வீட்டுக் காரில் எனக்குச் சாரதிக்குப் பக்கத்துச் சீற் நிரந்தரமாகிவிட்டது. கல்யாண வீட்டு வாசலில் இறங்கினால் சிவம் ஓடிவந்து, எனக்கல்ல, றெஜினாவுக்குத்தான் எங்கே நிப்பாட்டலாம் என்று இடம் காட்டுவான்.

போன மாசி மாதம், நல்ல பனி கொட்டுகிற ஒரு பின்னேரம், வில்லரேப் பக்கம் ஒரு தரிப்பிடத்தில் கதவைத் திறந்தேன். தமிழ் அம்மா ஒருவர் ஏறினார். இரண்டு கையிலும் மரக்கறிப் பை. அவரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. அட்டையைத் தட்டிவிட்டு, என் முகத்தை ஒருதரம் வடிவாகப் பார்த்தார்.

“தம்பி, இந்த பஸ் ஒழுங்கையளுக்குள்ளை போகுமோ?” என்று கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பின்சீற்றிலிருந்து, யாரென்றே தெரியாத இன்னொரு தமிழ்க் குரல் எனக்காகப் பதில் சொன்னது:

“அக்கா வந்து ஓடினாத்தான் போகும்.”